அட்டை கத்தாது

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நீ இறந்துபோன செய்தி எனக்கு வந்தது. பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு அது நீக்கப்பட்டது.

பகல் நேரம். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் உனக்காக டாக்டர் எழுதிய சீட்டு. சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. நம் குடும்பக் குழு. உன் படம், அதன் மேல் ஒரு பூ, கீழே அண்ணாவின் வாக்கியம்: நம் வீட்டு மருமகள் சற்று முன் இறைவனடி சேர்ந்தார். நான் அதை முழுதாகப் படித்தேன். மறுபடி முதலிலிருந்து படிக்கப் போனபோது படமும் இல்லை, பூவும் இல்லை. இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது.

என் முறை வந்தது. சீட்டை நீட்டினேன். முழு ஸ்ட்ரிப் வேண்டுமா, வெட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார். முழுசாகவே கொடுங்கள் என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாய் தானாகச் சொன்னது. வாங்கிக்கொண்டு திரும்பினால் அண்ணா படியிறங்கி வந்துகொண்டிருந்தான். முகம் கழுவியிருந்தான். என் தோளைப் பிடித்து, "கொஞ்சம் சீரியஸா இருக்குடா, மேல வா" என்றான். நான் தலையாட்டினேன். ஒன்றும் தெரியாதவனாக அவன் பின்னால் படியேறினேன், உன் மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு. மேலே போனதும் டாக்டர் எனக்கு இரண்டாவது முறையாகச் சொன்னார். அவருக்கு அது முதல் முறை.

நான் பார்த்துவிட்டேன் என்று அண்ணாவுக்குத் தெரியாது. அதை அவனிடம் சொல்வதா, சாகும்வரை விழுங்கிக்கொள்வதா என்ற ஒரு கேள்விதான் அன்றிலிருந்து எனக்குள் அசைந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு ஈறு இருக்குமே, அப்படி. தொட்டால் இருக்கிறது, என்னுடையதாக இல்லை.

இன்று காலை சந்தேப்பேட்டை அச்சகத்திலிருந்து பெட்டி வந்தது. சர்ச்சில் உன் முப்பதாம் நாள் பூசைக்கான அட்டைகள். நூலை அறுத்துப் பிரித்ததும் மை வாசனை சாப்பாட்டு மேஜையிலிருந்து கிளம்பி வீடு முழுக்கப் போய்விட்டது. புது நோட்டைப் பிரித்து மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பாயே, அந்த வாசனை. உடனே எனக்குக் கோபம் வந்தது. துக்கம் வர வேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. டெங்கு என்றார்கள், பிளேட்லெட் இறங்குகிறது என்றார்கள், இப்போது ஏறிவிடும் என்றார்கள். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி, உன் கூட வேலை பார்த்த பெண்கள்தான் உன்னைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. சொல்ல ஆளில்லாத கோபம் எங்கே போகும்? ஃபோன் மேல் போகிறது.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அப்பா கேட்டபோது நீயே விளக்கினாய்: "ஃபோன்ல டிங்குன்னு அடிக்குதுல்லங்கப்பா, அந்த டிங்கு இவருதான்." அது சரிதான். யாருடைய ஃபோன் எந்த நொடியில் எதற்காக அதிர வேண்டும் என்று தீர்மானிக்கிற குழுவில் நான் இருக்கிறேன். நீ போன மறுநாளிலிருந்து என் ஃபோன் நிற்காமல் அதிர்ந்தது. ஒரே அகல் விளக்குப் படம் எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் கீழும் நான் என்ன பதில் சொல்லலாம் என்று ஃபோனே மூன்று யோசனை வைத்திருந்தது. நன்றி. சரி. கட்டைவிரல். என் மனைவி செத்ததற்கு நான் கட்டைவிரல் காட்டலாமாம். இதை ஒருவன் உட்கார்ந்து எழுதியிருப்பான், சோதித்துப் பார்த்திருப்பான், நன்றாக வேலை செய்கிறது என்று டீ குடிக்கப் போயிருப்பான். அவனை எனக்குத் தெரியும். என்னைப் போலத்தான் இருப்பான்.

படித்துவிட்டுப் பதில் போடாவிட்டால் அதுவும் தப்பு. நீல டிக் விழுந்துவிட்டதாம், பார்த்தும் ஒரு வார்த்தை இல்லையாம் என்று பெரியம்மா மகள் அண்ணியிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

நீ இதை முன்னாலேயே சொல்லியிருந்தாய். உன் வார்டில் நீ பார்த்துக்கொண்ட நோயாளி யாராவது போய்விட்டால், உடனே அந்த வீட்டுக்கு ஃபோன் செய்ய மாட்டாய். கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அஞ்சலட்டையை எடுத்து இரண்டு வரி எழுதி, சர்ச்சுக்குப் போகிற வழியில் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவாய். நான் கிண்டல் செய்தேன். எங்கள் கம்பெனியில் இதற்குப் பெயர் வாடிக்கையாளர் தொடர்பு என்றேன். நீ சிரிக்கவில்லை.

"ஃபோனு பண்ணா அவங்க எடுத்துப் பேசோணும். அழுகையை நிறுத்திட்டு எனக்காக 'நல்லா இருக்கேன் சிஸ்டர்'னு சொல்லோணும். கார்டுன்னா ஒண்ணுமே பண்ண வேண்டாங்க. கெடந்தா கெடக்குது."

கிடந்தால் கிடக்கிறது. அப்போது இது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது. போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா என்று தெரியாமல் ஒரு செய்தியை அனுப்புவது முட்டாள்தனம் என்று உன்னோடு வாதாடினேன்.

சிவராம்பேட்டையில் நீ வழக்கமாகப் போகிற ஸ்டேஷனரிக் கடைக்கு உன்னோடு வருவதென்றால் எனக்கு அலுப்பு. பேனா வாங்க உனக்கு அரைமணி நேரம் ஆகும். ஒவ்வொரு பேனாவையும் கடைக்காரர் வைத்திருக்கும் துண்டுத் தாளில் எழுதிப் பார்ப்பாய். எல்லோரும் கையெழுத்தோ கிறுக்கலோ போடுவார்கள். நீ 1-0-1 என்று எழுதுவாய். காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்ன மேடம், லாட்டரி நம்பரா?" என்று கேட்டார். "ஆமாங்க, விழுந்தா நோயாளி எந்திரிச்சு உக்காந்துக்குவாரு" என்றாய். அந்தத் தாளை அவர் வெகுநாள் கிழிக்கவில்லை. யார் பேனா வாங்க வந்தாலும் உன் 1-0-1க்குப் பக்கத்தில் கிறுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பேனாக்களால் நீ என்ன செய்தாய் என்பதை அண்ணாவிடம் நான் சொல்ல முயன்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்கே திருப்பிச் சொல்கிறேன். நான் புரிந்துகொண்டேனா என்று பார்.

ஆஸ்பத்திரியில் நோயாளி வீட்டுக்குப் போகும்போது மருந்து விவரத்தை ஃபோனுக்கு அனுப்புகிற முறை வந்தது. காகிதம் மிச்சம் என்று சுவரெல்லாம் பச்சை இலை ஒட்டினார்கள். மாதேஸ்வரன் மலைப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று ஃபோனில் அது வந்து நிற்கும். வீட்டுக்கு ஒரு ஃபோன்தான். அதுவும் மகனிடம் இருக்கும், மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான். மருந்து ஊரில், விவரம் பெங்களூரில். நீ மருந்துப் பெட்டிகளைக் கத்தரித்து, உள்பக்க வெள்ளையில் சூரியனும் நிலாவும் வரைந்து, பக்கத்தில் காலி மாத்திரைத் தாளைச் செல்லோடேப்பால் ஒட்டிக் கொடுத்தாய். தமிழ் தெரிந்தாலும் கன்னடம் தெரிந்தாலும் ஒன்றும் தெரியாவிட்டாலும் அது புரியும். அடுப்படியில் ஆணியில் மாட்டிக்கொள்ளச் சொல்லி மேலே ஒரு ஓட்டையும் போடுவாய். அதற்காகவே துளை போடும் கருவி ஒன்று உன் கைப்பையில் கிடக்கும். டிபன் பாக்ஸோடு சேர்ந்து கடகடவென்று ஆடும்.

நான் உன் பிறந்தநாளுக்கு ஒரு செயலி செய்து கொடுத்தேன். மருந்து நேரம் வந்தால் ஒலிக்கும், சூரியன், நிலா எல்லாம் அதில் உண்டு, உன் படங்களைப் பார்த்தே வரைந்தது. உனக்குச் சந்தோஷம்தான். வார்டு முழுக்கக் காட்டினாய். இரண்டே நாளில் பழையபடி பெட்டியைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஏன் என்று கேட்டேன்.

"இது கத்துதுங்க. கத்துனா அவங்க அமுக்கிப்போட்டுடுவாங்க. அட்டை கத்தாது. ஆனா அங்கியே நின்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

நான் படித்த படிப்பில் இதை ஒருவரும் சொல்லவில்லை. உன் மேல் கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடாமல் இருந்தேன்.

இன்னொன்றும் நீ சொல்வாய். வார்டுப் பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை வைத்து மறைக்கக் கூடாது, மேட்ரன் தொலைத்துவிடுவார். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. கோட்டுக்கு அடியில் தப்பு தெரிய வேண்டும். யார் எழுதினார், யார் திருத்தினார் என்றும் தெரிய வேண்டும். அண்ணா அந்தச் செய்தியை நீக்கியதிலிருந்து எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கோடு போடவில்லை. அவன் வெள்ளை மை வைத்தான். அதுவும் வேலைக்காகாத வெள்ளை மை. நீக்குவது என்றால் அழிப்பது இல்லை என்று என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் ஒரு திரை இழுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்குள் யார் யார் அதை இறக்கி, எங்கெங்கே அனுப்பியிருப்பார்கள் என்று அண்ணா யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நீ போன அன்று மத்தியானம் உன் அப்பா வந்தார். உனக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து கிளம்பியவர், பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து பப்பாளி இலைக் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. டெங்குவுக்கு அந்தச் சாறு நல்லது என்று யாரோ சொன்னதால் தோட்டத்திலிருந்து பறித்து வந்திருக்கிறார். அவரிடம் விஷயத்தைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அண்ணாதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். உன் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பையையும் கீழே வைக்கவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தோம்.

அதே வராந்தாவில்தான் அண்ணா உன் ஃபோனைக் கேட்டான். உன் சிநேகிதிகள் எண்ணெல்லாம் அதில்தானே இருக்கும், தகவல் சொல்ல வேண்டாமா என்றான். பூட்டியிருக்கிறது என்றேன். "கைரேகைதானே?" என்றான். எந்தக் கை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே கிடக்கிற உன் கை என்று புரிந்ததும் உன் ஃபோனை என் பையில் போட்டுக்கொண்டேன். அன்றே கத்தியிருந்தால் இவ்வளவு நாள் இந்தக் கொதிப்பு இருந்திருக்காது. அண்ணா கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சல். நம் வீட்டில் குழந்தை பிறந்தாலும், பரீட்சை முடிவு வந்தாலும், வண்டி பஞ்சரானாலும் முதலில் அந்தக் குழுவில்தான் போடுவான். அவன் அதற்கு நிர்வாகி. அவனுக்கு அது ஊழியம். உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டர் சொன்னதும் அவன் கை பழகிய இடத்துக்குப் போயிருக்கிறது. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் வந்ததும் நீக்கியிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணா நேராக இங்கே வந்தான். உன் அப்பாவும் இருந்தார். முப்பதாம் நாள் வரை இருங்கள் என்று நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். அண்ணா ஃபோனை எங்கள் முன்னால் நீட்டிப் பிடித்தான். மேகங்கள். அதற்கு நடுவில் நீ, நம் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த நீ. உன் தோளில் இருந்த என் கையை அழிக்க முடியாமல் அதன் மேல் ரோஜாப்பூ ஒட்டியிருந்தான். கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது, உருகியது, சட்டென்று மறுபடி முழுசாகி முதலிலிருந்து எரிந்தது. பின்னால் வயலின்.

"எப்டி இருக்கு? ரெண்டு நாளா உக்காந்து பண்ணேன்."

"சவுண்ட நிறுத்துண்ணா."

நிறுத்தினான். அட்டை அச்சடிக்கப் போகிறேன், தபாலில் அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான். கிண்டல் வந்தால் அவன் பேச்சில் கன்னடம் புகுந்துவிடும்.

"டேய், ஊரு பூரா டிங்கு டிங்குன்னு அனுப்புறவன் நீ. உனக்கே பேப்பர் கார்டு பேக்கா, வேணுமா? போஸ்ட்ல போட்டு, அது எப்ப போய்ச் சேர, எவன் வாசிக்க? எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு."

"அதனாலதான் வேண்டாங்குறேன்."

"இதுல என்ன பிரச்சனை உனக்கு? அன்னைக்கும் நான்தான் எல்லாருக்கும் தகவல் சொன்னேன். ஒருத்தர்கூட விட்டுப்போகல."

"விட்டுப்போகலண்ணா. எனக்கும் வந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. எது என்று கேட்டான். பூ வைத்த படம், மருந்துக் கடை வரிசையில் நின்றபோது என்றேன். அவன் கையிலிருந்த ஃபோனில் மெழுகுவர்த்தி சத்தமில்லாமல் மறுபடி முழுசாகியது.

"அதை நான் உடனே டிலீட் பண்ணிட்டனேடா."

"பண்ணின. நான் படிச்சப்புறம் பண்ணின. கொஞ்சம் சீரியஸா இருக்கு, மேல வான்னியே, அப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் உன் பின்னாடி படி ஏறினேன். அவ மருந்த வாங்கிட்டு ஏறினேன்."

அண்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீ குரூப்ல இருக்கறதே என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்த உன் அப்பா எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்குமே காட்டுனாங்க, மாப்ள. கொள்ளேகால் ஸ்டாண்டுல."

மலைப் பாதையில் பாதி வழிக்கு ஃபோன் எடுக்காது என்று உனக்குத் தெரியும். கொள்ளேகாலில் வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்திருக்கிறது. நம் குழுவில் இருந்த யாரோ உங்கள் ஊர்க் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திரை போட்டு மறைக்க அண்ணாவால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஃபோனை அப்படியே உன் அப்பாவிடம் நீட்டியிருக்கிறார்.

"தழையத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்பிரலாமான்னு நெனச்சனுங்க. மனசு வரலீங்க. அந்தப் படத்துல இருக்கறது நம்ம புள்ள கெடையாது, வேற யாரோன்னு சொல்லிக்கிட்டு மைசூரு பஸ்ஸு ஏறுனனுங்க. வர்ற வரைக்கும் தழை வாடாம இருக்கோணுமேன்னு பைய ஜன்னல் பக்கமா புடிச்சுக்கிட்டே வந்தனுங்க."

கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரை, அந்த முழு தூரமும், அவர் அப்படி வந்திருக்கிறார். வந்து, அண்ணா மெதுவாகச் சொல்லச் சொல்ல, புதிதாகக் கேட்பவர் மாதிரி கேட்டிருக்கிறார். நான் படியேறியது போலவே. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாவுக்காக நடித்திருக்கிறோம். அது எனக்குத் தெரிந்தபோது என் கோபம் தணியும் என்று நினைப்பாய். தணியவில்லை. இரட்டிப்பானது.

அண்ணா எழுந்தான். அவன் ஃபோன் ஒலித்தது, வெட்டிவிட்டான். உன் அப்பாவின் முன்னால் போய் நின்றான், ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலமே என் ஃபோன் அதிர்ந்தது. அண்ணாவிடமிருந்து நீளமான ஒரு செய்தி. திறக்காமலே முதல் வரி தெரிந்தது: தம்பி, அன்னைக்கு நடந்ததுக்கு. அடுத்த தெருவில் இருக்கிறான். நடந்து வந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். மன்னிப்புக் கேட்கவும் அவனுக்கு அந்த ஃபோன் கண்ணாடிதான் கிடைத்தது. அதை நான் திறந்தால் இரண்டு நீல டிக் அவனுக்குப் போகும். தம்பி படித்துவிட்டான், இனி பதில் வரும் என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திறக்காவிட்டால் தம்பி திறக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பான். இன்றுவரை நான் திறக்கவில்லை.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் துக்க அட்டை அச்சடிக்க ஆளே வருவதில்லை சார், ஒரே ஒரு டிசைன் போட்டுத் தரச்சொல்லி ஃபோனில் வாங்கிப் போய்விடுகிறார்கள் என்றார் அச்சகக்காரர். நல்ல கனமான தாளாகக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் வழவழப்பாக இருக்கக் கூடாது, பேனா பிடிக்க வேண்டும் என்றேன். நீ சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிந்த ஒன்று. அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு கட்டு எடுத்து வந்தார். முன்பக்கம் உன் பெயர், பூசை நேரம், சர்ச். படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் படத்தைப் போதுமான அளவு பேர் பார்த்துவிட்டார்கள்.

இன்று காலையிலிருந்து முகவரி எழுதிக்கொண்டிருக்கிறோம். உன் அப்பா வாயால் சொல்கிறார், நான் எழுதுகிறேன். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தமிழ், கன்னடம் இரண்டிலும் எழுதச் சொன்னார், தபால்காரருக்கு எது வரும் என்று தெரியாதாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்கிறார். இவள் உன்னோடு பள்ளிக்கூடம் போனவள், இவர் வீட்டுப் பட்டுப்புழுத் தட்டை நீ மிதித்துவிட்டு ஓடிவந்துவிட்டாய். விரல் வலிக்கிறது. வெகு காலத்துக்குப் பிறகு என் உடம்பில் ஏதோ ஒன்று வலிக்கிறது, அதை நான் நிறுத்த விரும்பவில்லை. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் ஒரே வரி எழுதுகிறேன்: பதில் எழுத வேண்டாம். அச்சடித்திருக்கலாம் அதையும். கையால் எழுதினால்தான் அது நிஜமாகவே வேண்டாம் என்று புரியும்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மலையெல்லாம் அட்டை எழுதிக் கொடுத்தவள், எனக்கு என்ன எழுதி வைத்தாய்? சூரியனுக்குப் பக்கத்தில் எதை ஒட்ட வேண்டும், நிலாவுக்குப் பக்கத்தில் எதை ஒட்ட வேண்டும் என்று எனக்கு யார் சொல்வது?

ஒன்று இருக்கிறது. என் பர்ஸில் வைத்திருக்கிறேன். ஐசியூவில் உனக்கு மூச்சுக்கு முகமூடி போட்ட அன்று உன்னால் பேச முடியவில்லை. ஏதோ சொல்லத் துடித்தாய். நான் என் ஃபோனை நீட்டினேன், எழுது என்று. உன் ஒரு விரலில் கிளிப், மற்ற விரல்களெல்லாம் பிளாஸ்திரி. கண்ணாடி உன் தொடுகையை எடுக்கவில்லை. கண்ணாலேயே என்னைத் திட்டினாய். என் பையிலிருந்து மருந்துக்கடை பில்லையும் நர்ஸ் சட்டையிலிருந்து பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். இடது கையால், கோணல்மாணலாக எழுதினாய்: வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க. நாறுது.

அந்த பில் சூட்டில் அச்சாகிற தாள். அந்த மாதிரித் தாளில் அச்சு நிற்காது. இப்போதே முன்பக்கத்தில் மருந்தின் பெயர் போய்விட்டது, தேதி பாதி போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அது வெறும் வெள்ளைத் தாள். பின்பக்கத்தில் உன் பால்பாயிண்ட் எழுத்து அப்படியே இருக்கும். தாளில் குழியாகப் பதிந்திருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். நான் இன்று குளித்தேன், உன் அப்பாவிடம் கேட்டுக்கொள்.

கடைசி அட்டை அண்ணாவுக்கு. அடுத்த தெருவுக்கா அஞ்சல் தலை ஒட்டுகிறீர்கள் என்பது போல உன் அப்பா பார்த்தார். அவன் செய்திக்கு இது பதில் இல்லை. அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. பின்பக்கம் இப்படி எழுதினேன்: அண்ணா, சனிக்கிழமை பூசைக்கு வா. மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார். எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று இதில் எழுத மாட்டேன். வந்து உட்கார்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார் உன் அப்பா. படித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஒரு அட்டையில் மட்டும் பதில் எழுத வேண்டாம் என்ற வரியைப் போடாதீர்கள் மாப்ள என்றார். போடவில்லை. அவன் பதில் எழுதட்டும். பேனா எடுத்து, தாள் தேடி, என்ன சொல்வதென்று தெரியாமல் கடித்துத் துப்பி எழுதட்டும். இல்லை, நடந்து வரட்டும்.

சிவப்புப் பெட்டியிலிருந்து தபால் எடுக்க வருவதற்குள் போய்ப் போட வேண்டும். உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஃபோனை அணைத்துவிட்டேன்.